ஒரே படகுக்கு எத்தனை பெயர்? காம்ஸ் கடல் விமானங்களின் எண்களைப் படிப்பது எப்படி

காம்ஸ் 37, 37ஏ, 37இ, 37ஜி.ஆர்., 37/2, 37/10, 37/11. இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே பிரான்ஸ் கட்டிய கடல் விமானங்களைப் பற்றி எதைப் படிக்கப் போனாலும் இப்படி ஒரு வரிசை குறுக்கே வந்து நிற்கும். படங்களைப் பார்த்தால் குழப்பம் கூடும். எல்லாவற்றிலும் படகு போன்ற உடல், இரண்டடுக்கு இறக்கை, அவற்றின் நடுவே பின்பக்கம் சுழலியை வைத்த ஒற்றை என்ஜின். இவை ஏழு விமானங்களா, ஒரே விமானத்தின் ஏழு பெயர்களா?

இரண்டும் இல்லை. 37இ என்பதும் 37/11 என்பதும் ஒன்றுதான், பயிற்சிக்கும் போக்குவரத்துக்கும் ஆன வகை. 37ஜி.ஆர். ஒரே ஒரு பயணத்துக்காகக் கட்டிய ஒற்றை விமானம். 37ஏ சக்கரங்கள் பொருத்தி நீரிலும் தரையிலும் இறங்கும்படி செய்தது. இதுதான் அதிகம் கட்டப்பட்டது. இந்த எண்களை 37-இலிருந்து மேலே மேலே போகும் முன்னேற்ற வரிசையாகப் படிப்பவர்கள்தான் வழி தவறுகிறார்கள். காம்ஸ் பெயர் ஒருவர் உட்கார்ந்து வகுத்ததல்ல. முன்னால் உள்ள எண் வரைபடக் கூடத்தில் பிறந்தது. எழுத்தை, வாங்குபவரின் தேவை கொடுத்தது. சாய்கோட்டுக்குப் பின்னால் வருவதைப் பெரும்பாலும் என்ஜினும் செய்யவேண்டிய வேலையும் தீர்மானித்தன. யார் எதை எழுதினார்கள் என்று பிரித்துப் பார்த்தால் முடிச்சு தானாக அவிழும்.

இத்தாலியிலிருந்து வந்த எண்

காம்ஸ் என்பது 'ஷாந்தியே ஏரோ-மரித்தீம் த லா சேன்' என்ற நீளமான பெயரின் முதலெழுத்துகள். செய்ன் ஆற்றங்கரையின் கடல்-வான் கட்டுமானத் தளங்கள் என்று பொருள். 1920 நவம்பரில் பாரிசை ஒட்டிய சேன்-தெனியில் தொடங்கிய நிறுவனம், பிறகு அதே ஆற்றோரம் சார்த்ரூவில் ஊரில் வேரூன்றியது. தொடங்கியவர் லாரன்ஸ் சான்டோனி. இவர் பிரெஞ்சுக்காரர் அல்ல. முதல் உலகப் போருக்கு முன், டெப்பர்டுசான் என்ற பிரெஞ்சு விமான நிறுவனத்தின் இங்கிலாந்துக் கிளையை நடத்தியவர். 1915-இல் இத்தாலியில் சவோயா பறக்கும் படகுகளைக் கட்டிய எஸ்.ஐ.ஏ.ஐ. நிறுவனத்தை அமைத்தவர். பிரான்சுக்கு வந்தபோது தன்னுடன் அங்கிருந்த வடிவமைப்பாளர் ரஃபாயேலே கான்ஃப்ளென்டியையும் அழைத்து வந்தார்.

ஆள் வந்தால் அவருடைய பழக்கமும் வரும். சவோயாவில் விமானங்களுக்கு எஸ்.8, எஸ்.9, எஸ்.13 என்று பெயர். எஸ்.9 வகையைப் பிரான்சில் உரிமம் பெற்றுக் கட்டியபோது காம்ஸ் அதை சி.9 என்றது. எழுத்து மட்டும் மாறியது, எண் அப்படியே நின்றது. காம்ஸின் முதல் எண்கள் பிரெஞ்சுத் தொழிற்சாலையின் வரலாற்றைச் சொல்லவில்லை, ஓர் இத்தாலிய வரைபடத்தின் அடையாளத்தைத்தான் சுமந்தன.

சொந்த வடிவமைப்புகள் 30-இல் தொடங்குகின்றன. 1922-இல் வந்த 30இ இரண்டு பேர் உட்காரும் பயிற்சிப் படகு. 'இ' என்பது பள்ளியைக் குறிக்கும் 'எக்கோல்'. நிறுவனம் பிறந்து இரண்டே ஆண்டுகளில் 30-ஆவது எண் என்றால், அதற்கு முன் 29 விமானங்கள் வெளிவந்திருக்கும் என்று யாரும் கணக்குப் போடவேண்டாம். சவோயா வரிசை அப்போது இருபதுகளைத் தாண்டிக்கொண்டிருந்தது. கடல் விமானங்களுக்கான 1921 ஷ்னைடர் கோப்பைப் பந்தயத்துக்கு அவர்கள் தயாரித்ததன் பெயர் எஸ்.21. அந்த வரிசையோடு முட்டாத ஓர் இடத்தில் கான்ஃப்ளென்டி புதிதாக எண்ணத் தொடங்கினார் என்பது என் ஊகம். எப்படியிருந்தாலும் 30 என்பது எண்ணிக்கை அல்ல.

அதே 1922-இலேயே 31, 36 என்ற எண்களும் வந்துவிட்டன. 31 ஒற்றை ஆள் ஓட்டும் போர்ப் படகு. அதன் இரண்டு முன்மாதிரிகளையும் பிரித்துச் சொல்ல 'டைப் 22', 'டைப் 23' என்று ஆண்டையே ஒட்டவைத்தார்கள். 36 பந்தயத்துக்கான படகு. 1922-இல் நேப்பிள்ஸில் நடந்த ஷ்னைடர் கோப்பைக்காகக் கட்டியும் அது போட்டியில் இறங்கவில்லை. அடுத்த ஆண்டுக்காக அதைத் திருத்தியபோது பெயர் 36பிஸ் ஆனது. நம் தெருக்களில் 12-க்கும் 13-க்கும் நடுவே புதிதாக முளைத்த வீட்டுக்கு 12ஏ போடுவதுபோல பிரான்சில் 'பிஸ்' போடுவார்கள், மூன்றாவது வந்தால் 'தெர்'. வீட்டுக் கதவிலிருந்து அது விமானத்தின் வால் வரைக்கும் போயிருக்கிறது.

1923 செப்டம்பரில் இங்கிலாந்தின் கவுஸ் துறைமுகத்தில் நடந்த பந்தயத்தில் காம்ஸ் 38-ஐ ஓட்டியவர் கடற்படையின் மொரீஸ் யூரெல். பாதியில் நின்றுவிட்டார், அமெரிக்கக் கடற்படையின் கர்ட்டிஸ் விமானம் வென்றது. யூரெலுக்கு அது நல்ல நாள் அல்ல. ஆனால் காம்ஸின் பெயர்களைப் புரிந்துகொள்ள வேண்டியவருக்கு அந்த விமானியின் பெயர் முக்கியம். கான்ஃப்ளென்டி இத்தாலிக்குத் திரும்பிய பிறகு தலைமை வடிவமைப்பாளர் நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர்தான். 37-இலிருந்து தொடங்கும் சாய்கோட்டுக் காலம் யூரெலின் காலம்.

37: வாங்குபவர் எழுதிய எழுத்துகள்

37 முதலில் பறந்தது 1926-இல். 450 குதிரைத்திறன் தரும் லொரேன் என்ஜின், மரத்தாலான உடல். பெரிய அழகி இல்லை, வேகக்காரியும் இல்லை. ஆனாலும் எல்லா வகையும் சேர்த்து முந்நூறுக்கு மேல் கட்டப்பட்டது. பிரெஞ்சுக் கடற்படையோடு போர்ச்சுகல் கடற்படையும் வாங்கியது. கரையில், கப்பலில், பள்ளியில், காலனியில் என எல்லா இடத்திலும் வேலை செய்ததால்தான் இத்தனை வால்கள் முளைத்தன.

இதில் எழுத்துகளும் சாய்கோடுகளும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. தொழிற்சாலைக்கு 37/11 என்றால் ஒரு குறிப்பிட்ட வரைபடத் தொகுதி. கடற்படைக்கு அதே விமானம் 37இ, பயிற்சிக்கானது. தச்சருக்கும் வரைபடக்காரருக்கும் சாய்கோடு தேவை; எத்தனை வாங்கினோம், எந்தப் பள்ளிக்கு அனுப்பினோம் என்று கணக்கு எழுதுபவருக்கு எழுத்து போதும். இரண்டு பெயரையும் ஒரே பட்டியலில் அடுக்கிவைத்து இரண்டு விமானமாக எண்ணியிருக்கும் நூல்கள் உண்டு. பார்த்தால் நம்பிவிடாதீர்கள்.

'ஜி.ஆர்.' தனிக் கதை. 'கிரான் ரெய்ட்', அதாவது நெடும்பயணம். 1926 அக்டோபரில் கடற்படை அதிகாரி ரெனே கில்போ ஒரு 37ஜி.ஆர்.-இல் மத்தியதரைக் கடலிலிருந்து கிளம்பி, ஆப்பிரிக்காவைத் தாண்டி மடகாஸ்கர் போய், 1927 மார்ச்சில் திரும்பினார். இருபத்திரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல். அதே சமயத்தில் பெர்னார் என்ற இன்னொரு கடற்படை விமானி, லியோரே நிறுவனத்தின் படகில் அதே தீவை நோக்கிக் கிளம்பியிருந்தார். அந்தக் காலத்தில் கடற்படைக்கும் தொழிற்சாலைக்கும் இதைவிடப் பெரிய விளம்பரம் கிடையாது. ஆகவே 'ஜி.ஆர்.' போட்ட விமானம் எப்போதும் ஒன்றிரண்டுதான் இருக்கும். எரிபொருள் தொட்டியைப் பெரிதாக்கி, ஆயுதத்தை எடுத்துவிட்டு, செய்தித்தாளில் வரவேண்டிய விமானம். தொடர் உற்பத்தி என்று நினைத்துத் தேடினால் கிடைக்காது. கில்போ 1928 ஜூனில் லாத்தம் 47 படகில், வட துருவப் பயணி அமுண்ட்சனுடன், பாரென்ட்ஸ் கடலில் காணாமல் போனார். பிற்பாடு கடற்படை ஒரு பெரிய பறக்கும் படகுக்கு அவர் பெயரை வைத்தது. அது காம்ஸ் படகு அல்ல, லாத்தேகோயேர் 302.

37/10 இன்னொரு ஒற்றை வேலைக்கான எண். அட்லாண்டிக்கைக் கடக்கும் 'ஈல் த பிரான்ஸ்' கப்பலில் 1928-இல் ஒரு கவண்பொறி வைத்தார்கள். கப்பல் கரைசேர இன்னும் தூரம் இருக்கும்போதே தபாலை விமானத்தில் ஏற்றி எறிந்துவிட்டால் ஒரு நாள் மிச்சம். அந்த ஆண்டு ஆகஸ்டில் முதல் தபாலைக் கொண்டுபோனது லியோரே எச்-198; பின்னால் அந்த இடத்துக்கு வந்தது காம்ஸ் 37/10. கவணில் எறிந்தால் உடலும் இறக்கைத் தாங்கிகளும் ஒரே நொடியில் பெரிய இழுவையைத் தாங்க வேண்டும். அதற்காக மாற்றிய வரைபடம் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. 37/11 அதைவிடச் சிறந்தது என்று அதற்கு அர்த்தம் கிடையாது.

சாய்கோட்டுக்குப் பின்னால் என்ஜின்

53, 54, 55 மூன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1928-ஐ ஒட்டி அடுத்தடுத்துப் பறந்த இவை மூன்றும் ஒரே குடும்ப அமைப்பு: இரண்டடுக்கு இறக்கை, நடுவே முதுகோடு முதுகாக இரண்டு என்ஜின், முன்னது இழுக்கும், பின்னது தள்ளும். ஆனாலும் மூன்று தனி எண்கள். காரணம், மூன்றுக்கும் வாங்குபவர் வேறு. 53 பயணிகளுக்கு, மார்செயிலிருந்து பெய்ரூத் வரை 1929-இல் தொடங்கிய தடத்தில் ஓடியது, பிறகு ஏர் ஓரியன் நிறுவனம் அந்தத் தடத்தைத் தரை விமானங்களால் சைகோன் வரைக்கும் நீட்டியது. 54ஜி.ஆர். அட்லாண்டிக்கைக் கடக்கும் முயற்சிக்கு. 1928 கோடையில் கடற்படை அதிகாரி போலன் பாரி அதை அசோர்ஸ் தீவுகள் வரை கொண்டுபோய் அங்கேயே முயற்சியை நிறுத்தினார். 55 கடற்படையின் நீண்டதூர உளவு, குண்டுவீச்சு வேலைக்கு.

யூரெலின் கூடத்தில் அடிப்படை எண் எதைக் குறித்தது என்பது இங்கேதான் துலங்குகிறது. அது வடிவத்தைக் குறிக்கவில்லை, ஒப்பந்தத்தைக் குறித்தது. வடிவம் ஒன்றாக இருந்தாலும் வாங்குபவரும் வேலையும் மாறினால் புது எண். வாங்குபவர் அதே ஆளாக இருந்து என்ஜின் மட்டும் மாறினால் எண் மாறாது, சாய்கோட்டுக்குப் பின்னால் ஓர் இலக்கம் சேரும்.

55-ஐப் பாருங்கள். அதன் முன்மாதிரிகள் 55எச், 55ஜே. எச் என்றால் ஹிஸ்பானோ-சூய்ஸா, ஜே என்றால் ஜூபிடர். முதலாவது தண்ணீரால் குளிரும் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின். இரண்டாவது காற்றால் குளிரும் நட்சத்திர வடிவ என்ஜின். பிரிட்டனின் பிரிஸ்டல் வடிவமைப்பை நோம்-ரோன் நிறுவனம் உரிமம் பெற்றுச் செய்தது. கடற்படை ஒன்றைத் தேர்ந்தெடுக்கவில்லை, இரண்டையும் வாங்கியது. ஹிஸ்பானோ பூட்டிய உற்பத்தி வகை 55/1, ஜூபிடர் பூட்டியது 55/2. இரண்டும் ஒரே காலத்தில் ஒரே படையில் பறந்தன. 55/2 என்பதை 55/1-இன் மேம்பட்ட வடிவம் என்று எழுதும்போது நடந்ததற்கு நேர் எதிரானதை எழுதுகிறோம். அங்கே நடந்தது போட்டி, முன்னேற்றம் அல்ல.

கடற்படை ஏன் இப்படி இரண்டு பக்கமும் பணம் கட்டியது? தண்ணீர் என்ஜினுக்கு ரேடியேட்டர் வேண்டும், குழாய் வேண்டும், எடை கூடும். ஆனால் காற்றை எதிர்க்கும் முகப்பு சிறியது. காற்று என்ஜினில் அந்தத் தொல்லையெல்லாம் இல்லை. ஆனால் முதுகோடு முதுகு வைத்தால் பின்னால் இருக்கும் என்ஜினுக்கு, முன்னது ஏற்கெனவே சூடாக்கிய காற்றுதான் கிடைக்கும். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அரசாங்கம் என்ஜின் தொழிற்சாலைகள் எல்லாவற்றையும் உயிரோடு வைத்திருக்க விரும்பியது. படகு கட்டுபவர் ஒருவர், என்ஜின் செய்பவர் வேறொருவர் என்றிருந்த பிரெஞ்சுத் தொழிலில், ஒரே படகுக்கு இரண்டு என்ஜின் என்பது விதிவிலக்கு அல்ல, வழக்கம்.

55/10-க்கு வந்தால் சுழலியின் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரத்தோடு கூடிய ஜூபிடர், கூடுதல் எரிபொருள். அதற்குப் பின்னால் 'கொல்' என்று எழுதியிருந்தால் வெப்பமண்டலக் காலனிகளுக்கு ஏற்ப மாற்றியது. உலோக உடலோடு சோதனை செய்த 55/6 போன்றவையும் இடையில் உண்டு. பத்து என்ற இலக்கம் இங்கே ஆறுக்குப் பிறகு பிறந்த பத்தாவது குழந்தை அல்ல. நடுவிலுள்ள எண்களில் சில காகிதத்தோடு நின்றிருக்கலாம், சில ஒற்றை முன்மாதிரியாக இருந்திருக்கலாம். காலியிடத்தைப் பார்த்ததும் 'மறைந்துபோன விமானம்' என்று தேடிக் கிளம்புவது இந்தத் துறையின் ஆர்வலர்களுக்குப் பழகிய வியாதி.

என்ஜின் தொழிற்சாலைகளின் பெயர்கள் விமானப் பெயர்களைவிட எவ்வளவோ ஒழுங்கானவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஹிஸ்பானோ '12ஒய்.சி.ஆர்.எஸ்.' என்றால் 12 சிலிண்டர், ஒய் வரிசை, நடுவே பீரங்கி வைக்கலாம், வேகம் குறைக்கும் பல்சக்கரம் உண்டு, காற்றை அழுத்தி ஊட்டும் கருவி உண்டு. பெயரே முழு விவரக்குறிப்பு. 55/1, 55/2 என்பதற்குப் பதில் என்ஜினின் பெயரையே எழுதியிருந்தால் நமக்கெல்லாம் வேலை மிச்சமாகியிருக்கும்.

அரசின் எழுத்துகள்

காம்ஸ் 51ஆர்3 என்ற பெயரில் 'ஆர்3' நிறுவனத்துடையது அல்ல. உளவு வேலை, மூன்று பேர் குழு என்று படைத்துறை வைத்திருந்த பொதுக் குறியீடு அது. ஒற்றையர் போர் விமானம் என்றால் சி1, இருவர் குண்டுவீச்சு என்றால் பி2. எந்த நிறுவனத்தின் விமானத்துக்கும் இதே எழுத்துகள் ஒட்டும். கப்பலில் ஏற்றும் விமானங்களைக் கட்டிய லவாசர் நிறுவனத்திடம் இது உச்சத்துக்குப் போனது. பி.எல்.5 சி2பி, பி.எல்.4 ஆர்3பி, கடைசி சிறிய 'பி' கப்பல்தளத்தில் இறங்குவது. பி.எல்.7-க்கு டி2பி2பி. டார்பிடோவும் குண்டும் இரண்டும் போடும், இருவர் குழு, கப்பலில் இறங்கும். 'பி.எல்.' மட்டுமே பியர் லவாசருடைய சொந்தச் சொத்து, மற்றதெல்லாம் அமைச்சகத்தின் விண்ணப்பப் படிவம்.

ஆர்ஜாந்தெயில் நகரில் லூயி ஷ்ரெக் நடத்திய எஃப்.பி.ஏ. நிறுவனம் இந்த வழியில் இன்னும் வெகுதூரம் போனது. முதல் உலகப் போரில் அவர்கள் படகுகளுக்கு எழுத்துதான் பெயர்: டைப் ஏ, பி, சி, எச், எஸ். டைப் எச் இத்தாலியில் மட்டுமே நூற்றுக்கணக்கில் கட்டப்பட்டது. போருக்குப் பின் எண்ணுக்கு மாறினார்கள். 1923-இல் பறந்த 17-க்கு மட்டும் எச்.இ.2, எச்.எம்.டி.2, எச்.டி.4 என்று வால்கள். எச் கடல் விமானம், இ பயிற்சி, இறுதி இலக்கம் எத்தனை பேர் உட்காரலாம் என்பது.

இந்த 17எச்.டி.4 அமெரிக்கா போன கதை எனக்குப் பிடிக்கும். நியூ ஹேவனில் இருந்த வைக்கிங் நிறுவனம் உரிமம் பெற்று அதை வி-2 என்று கட்டியது. அமெரிக்கக் கடலோரக் காவல்படை சிலவற்றை வாங்கி, தன் வழக்கப்படி ஓ.ஓ.-1 என்று பதிவு செய்தது. முதல் ஓ கண்காணிப்பு வேலை, இரண்டாவது ஓ வைக்கிங் நிறுவனத்துக்கு ஒதுக்கிய எழுத்து, ஒன்று என்பது அந்நிறுவனம் அவ்வேலைக்குச் செய்த முதல் வடிவம். ஷ்ரெக்கின் பெயரில் இருந்த ஒரு தகவல்கூட இதில் மிஞ்சவில்லை. அமெரிக்கக் கடற்படை முறையில் வாங்குபவரே பெயர் வைப்பார், விற்பவர் வைத்த எண் வாசலிலேயே கழற்றப்படும். பிரான்சில் அப்படி ஒரு நடுவர் இல்லாமல் போனதுதான் நமது குழப்பத்தின் ஆணிவேர்: நிறுவனத்தின் எண்ணும் நிற்கும், அரசின் எழுத்தும் மேலே ஏறிக்கொள்ளும்.

மூன்றாம் இலக்கத்தின் தந்திரம்

துலூஸ் நகரின் லாத்தேகோயேர் வேறு வழியில் போனது. 1920-களில் அவர்களும் 15, 17, 21, 26, 28 என்று ஒன்றன்பின் ஒன்றாக எண்ணியவர்கள்தான். 28 வெற்றி பெற்றதும் வகைகள் பெருகின. 28-0-இல் ரெனோ என்ஜின், 28-1-இல் ஹிஸ்பானோ. மிதவைகள் பூட்டிய 28-3-இல்தான் 1930 மே 12, 13 தேதிகளில் தபால் விமானி ஷான் மெர்மோஸ் செனகலின் சேன்-லூயியிலிருந்து பிரேசிலின் நத்தால் வரை தபாலோடு பறந்தார். அந்த நடுக்கோடு சீக்கிரத்தில் உதிர்ந்து, 28-3 என்பது 283 என்றும் எழுதப்பட்டது. அதன்பின் எல்லாமே மூவிலக்கம்.

ஆகவே லாத்தே 298-ஐ இருநூற்றுத் தொண்ணூற்றெட்டு என்று வாசிப்பது தவறு. 29-ஆவது குடும்பம், எட்டாம் வடிவம். 28-3-இலிருந்து பிறந்த டார்பிடோ விமானம் 290. அதிலிருந்து 293, 294, 296 என்ற சோதனைகள் கிளைத்தன. 1936 மே மாதம் பறந்த 298 முழுக்கப் புது விமானம் என்றாலும் வேலை அதேதான் என்பதால் அந்தக் குடும்பத்துக்குள்ளேயே இடம் பிடித்தது. 300 மெர்மோஸின் 'தென்சிலுவை'. அதில் அவரும் நான்கு தோழர்களும் 1936 டிசம்பர் 7-இல் அட்லாண்டிக்கில் மறைந்தார்கள். 301 ஏர் பிரான்சுக்கு மூன்று, 302 கடற்படைக்கு மூன்று. இங்கே கடைசி இலக்கம் வாங்குபவரைச் சொல்கிறது.

521 இன்னும் சுவாரசியம். அதற்கு முன்னால் 520 இருந்திருக்க வேண்டும் அல்லவா? இருந்தது, காகிதத்தில். நான்கு பெரிய ஹிஸ்பானோ என்ஜின்களை நம்பி வரைந்த திட்டம் அது. அந்த என்ஜின் கைவிடப்பட்டதும், சிறிய என்ஜின்கள் ஆறு வைத்து மறுபடி வரைந்ததே 1935 ஜனவரியில் பறந்த 521. பெயர் 'லெப்டினன்ட் த வெசோ பாரி', காம்ஸ் 54-ஐ அசோர்ஸ் வரை ஓட்டிய அதே பாரி. பிறகு 522, கடற்படைக்கு 523 மூன்று. லாத்தே 630-க்கும் 631-க்கும் உள்ள உறவும் இதே மாதிரிதான்.

லியோரே ஏ ஒலிவியே நிறுவனமும் மூன்றாம் இலக்கத்தையே நம்பியது. கூடவே கடல் விமானங்களுக்கு எச் போட்டது: எச்-190 முதல் எச்-199 வரை ஒரே படகின் வகைகள். தரையில் பறந்த 25 என்ற குண்டுவீச்சு விமானத்துக்கு மிதவை பூட்டினால் எச்-257. எச் இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் தரை. இவ்வளவு தெளிவு வேறெங்கும் கிடையாது என்று சொல்வேன்.

ஆனால் மூன்றாம் இலக்கத்துக்கு ஓர் எல்லை உண்டு. ஒன்பதுக்கு மேல் போக முடியாது. போதெஸ் நிறுவனம் அந்தச் சுவரில் நேராக மோதியது. அவர்களது 63 குடும்பத்தில் 630, 631, 633, 637 என்று நிரப்பிக்கொண்டே வந்து, இடம் தீர்ந்ததும் 63.11 என்று புள்ளி வைத்தார்கள். பார்வைக்கு அழகில்லாத காம்ஸின் சாய்கோடு இந்த இடத்தில் ஜெயிக்கிறது. 55/14 வரை போனபோதும் அதற்கு மூச்சு முட்டவில்லை.

போதெஸ் வாங்கிய பின்

1933-இல் காம்ஸை ஆன்றி போதெஸ் எடுத்துக்கொண்டார். பெயர் போதெஸ்-காம்ஸ் ஆனது. 1934-இன் காம்ஸ் 110 பழைய வரிசையின் நீட்சி. அப்புறம் சாய்கோடு கண்ணிலேயே படாது. 1938 ஜனவரியில் பறந்த நான்கு என்ஜின் கடற்படைப் படகின் பெயர் போதெஸ்-காம்ஸ் 141. காம்ஸ் 110-இலிருந்து 141-க்கு முப்பது எண் தாவல் என்று பார்ப்பதைவிட, போதெஸ் வீட்டு வழக்கப்படி 14-ஆம் குடும்பத்தின் முதல் வடிவம் என்று வாசிப்பதே சரி என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு ஆதாரம் அடுத்த ஜோடி. 161 ஆறு என்ஜின் அட்லாண்டிக் படகு. 160 அதன் பதின்மூன்றில் ஐந்து பங்கு அளவில் செய்து 1938-இல் பறக்கவிட்ட சிறிய மாதிரி, அதிலும் ஆறு குட்டி என்ஜின்கள். பெரியதற்கு ஒன்று, அதைச் சோதிக்கும் சிறியதற்குச் சுழி. குடும்பம்-வடிவம் என்ற போதெஸ் முறையில் மட்டுமே இது பொருந்துகிறது.

இதற்குள் தொழிற்சாலைகளே கை மாறிவிட்டன. 1936 ஆகஸ்டில் வந்த சட்டப்படி விமானத் தொழிலின் பெரும்பகுதி அரசுடைமை ஆகி, பூகோளத்தின்படி பங்கு பிரிந்தது. சார்த்ரூவில் வட நிறுவனத்துக்கு, மார்செய் பக்கத்து பெர்ர் தளம் தென்கிழக்கு நிறுவனத்துக்கு. புதிய நிறுவனங்கள் தங்கள் திசையையே முன்னெழுத்தாக்கின: தென்கிழக்கு என்றால் எஸ்.இ., தென்மேற்கு என்றால் எஸ்.ஓ. வடிவமைப்பாளரின் பெயர் அகன்று திசை வந்து உட்கார்ந்தது.

அந்த மாற்றம் எவ்வளவு அரைகுறை என்பதற்கு ஒரே போட்டியில் இறங்கிய மூன்று அட்லாண்டிக் படகுகளே சாட்சி. தனியார் நிறுவனமாகவே நீடித்த லாத்தேகோயேரின் படகு 631. 1942 நவம்பரில் பறந்தது. லியோரேயின் எச்-49 பாதியில் பெயர் மாறி எஸ்.இ.200 ஆனது. மூன்றாவது, போதெஸ்-காம்ஸ் 161, அதே 1942-இல் ஜெர்மானியர் கைக்குள் இருந்த பிரான்சில் பறந்தபோது போதெஸும் அதன் உடைமையாளர் அல்ல, காம்ஸ் என்று ஒரு நிறுவனமும் ஒன்பது ஆண்டுகளாக இல்லை. அரசு நிறுவனம் கட்டியும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டிருந்தது. மூன்றில் பயணிகளை ஏற்றிக்கொண்டு உண்மையாகவே அட்லாண்டிக்கைக் கடந்தது 631 மட்டும்தான். போருக்குப் பிறகு ஏர் பிரான்ஸ் அதை பிஸ்கரோஸ் ஏரியிலிருந்து மார்த்தினிக் தீவுக்கு 1948 வரை ஓட்டியது.